குடும்பத்துக்கு நடுவே சொந்த இலக்கு: தினமும் கொஞ்சம் முன்னேறுவதற்கு ஒரு வழிகாட்டி

பாதியில் விட்ட படிப்பை முடிக்க வேண்டும், புதிதாக ஒரு மொழியைக் கற்க வேண்டும், நெடுநாளாக மனத்தில் கிடக்கும் கதையை எழுதிவிட வேண்டும், உடம்பைச் சற்றுக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை குடும்பப் பொறுப்பில் இருக்கும் பலருக்கும் உண்டு. ஆனால் அதற்கென்று சொல்லப்படும் யோசனைகளில் பெரும்பாலானவை, சாத்திக்கொள்ள ஒரு கதவும் யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரமும் வாய்த்தவர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்படுகின்றன. கைக்குழந்தையோ, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளோ, வயதான பெற்றோரோ இருக்கும் வீட்டில் நேரம் அப்படி முழுதாகக் கிடைப்பதில்லை. துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. அந்தத் துண்டும் பல நாள்களில் பாதியிலேயே அறுபடுகிறது.

ஆகவே இந்த வழிகாட்டி, இடையூறு நிச்சயம் வரும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதப்பட்டிருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு 15 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஓர் ஆண்டில் 65 மணி நேரம் சேரும். தொடக்கநிலைப் பாடநூல் ஒன்றைப் பயிற்சிகளோடு செய்து முடிக்கப் பலருக்கு அது போதுமானது. ஆனால் அந்த 15 நிமிடத்தில் ஐந்து நிமிடம், நேற்று எங்கே விட்டோம் என்று தேடுவதிலும் பேனாவைக் கண்டுபிடிப்பதிலும் போய்விட்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 22 மணி நேரம் காணாமல் போகிறது. குடும்பத்தில் இருப்பவருக்கு உண்மையான இழப்பு, நேரம் குறைவாக இருப்பதைவிட, விட்ட இடத்தைத் திரும்பப் பிடிப்பதற்கு ஆகும் இந்தச் செலவில்தான் அதிகம் என்பது என் கருத்து. கீழே சொல்லப்படும் படிகள் எல்லாமே அந்தச் செலவைக் குறைப்பதற்கானவை.

முதல் படி: ஒரே ஓர் இலக்கைத் தேர்ந்தெடுத்தல்

மனத்தில் உள்ள ஆசைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிவிட்டு, அவற்றில் ஒன்றை மட்டும் அடுத்த மூன்று மாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை அழிக்க வேண்டாம். அந்தத் தாளை மடித்து ஓரிடத்தில் வைத்துவிட்டால் அவை மறந்துபோகும் என்ற பயம் இருக்காது. இரண்டு இலக்குகளை ஒன்றாக எடுத்துக்கொள்பவர்கள், நாளுக்கு ஒன்றாக மாற்றிச் செய்யலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். காகிதத்தில் அது சரியாகவே தெரியும். நடைமுறையில், ஒவ்வொரு இலக்குக்கும் இரண்டு மூன்று நாள் இடைவெளி விழுந்து, ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குவது போல ஆகி, இரண்டுமே மெல்ல நின்றுவிடுகின்றன.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று தயக்கம் இருந்தால், ஏற்கெனவே கொஞ்சம் தொடங்கி வைத்ததையும், தேவையான பொருள்கள் கைவசம் இருப்பதையும், பிறருடைய நேரத்தை எதிர்பார்க்காமல் தனியாகச் செய்யக்கூடியதையும் முதலில் எடுங்கள். இன்னொன்றும் உண்டு. பிறர் சொன்னதற்காக ஏற்றுக்கொண்ட இலக்கு, வீட்டில் யாருக்காவது முதல் காய்ச்சல் வரும்வரைதான் தாங்கும். எவரும் கேட்காவிட்டாலும், எவரிடமும் சொல்லாவிட்டாலும் இதைச் செய்வேனா என்று உங்களை நீங்களே கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

தேர்ந்தெடுத்த பிறகு, மூன்று மாத முடிவில் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதைக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றாக எழுதி வையுங்கள். “மொழியைக் கற்பது” என்பது அப்படிப்பட்டதன்று. “பாடநூலின் முதல் பத்துப் பாடங்களைப் பயிற்சிகளோடு முடித்திருப்பது” என்பது அப்படிப்பட்டது.

இரண்டாம் படி: ஒரு வாரம் வீட்டை வெறுமனே கவனித்தல்

தொடங்கும் உற்சாகத்தில் இருப்பவருக்கு இந்தப் படி சலிப்பாக இருக்கும். இருந்தாலும் இதைத் தாண்டிச் செல்ல வேண்டாம். நமக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும், ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நாமே போடும் கணக்கு பெரும்பாலும் தவறாகவே இருக்கிறது. எல்லாம் நல்லபடியாக நடக்கும் ஒரு நாளை மனத்தில் வைத்துக்கொண்டே திட்டம் போடும் இந்த இயல்பை, டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார்கள். முன்பு இதே வேலை எப்படி நடந்தது என்ற பதிவைப் பார்த்துக் கணக்கிடுவதுதான் இதற்கு மாற்று. அந்தப் பதிவு உங்களிடம் இல்லாததால், ஒரு வாரத்தில் அதை உருவாக்கிக்கொள்கிறீர்கள்.

செய்ய வேண்டியது எளிது. செல்பேசியிலோ சிறு நோட்டுப் புத்தகத்திலோ, வீடு அமைதியாக இருந்த நேரங்களையும், அப்போது உங்கள் தலை தெளிவாக இருந்ததா, களைத்திருந்ததா என்பதையும், அந்த அமைதி எதனால், எத்தனை நிமிடத்தில் கலைந்தது என்பதையும் ஒரு வரியில் குறித்து வாருங்கள். இந்த வாரத்தில் இலக்கு தொடர்பான வேலை எதையும் செய்ய வேண்டாம்.

வார முடிவில் பார்த்தால் மூன்று வகை நேரம் தென்படும். தலை தெளிவாகவும் கை காலியாகவும் இருக்கும் நேரம் மிகக் குறைவாக இருக்கும். பலருக்கு அது விடியற்காலையில் ஒரு சிறு துண்டாகவோ, அலுவலகத்தில் மதிய இடைவேளையின் பின்பாதியாகவோ இருக்கிறது. துணி மடிப்பது, பாத்திரம் கழுவுவது போலக் கை வேலையாக இருந்து காது மட்டும் சும்மா இருக்கும் நேரம் அதைவிட நிறைய இருக்கும். மருத்துவரின் அறைக்கு வெளியிலும் பள்ளி வாசலிலும் காத்திருக்கும் நேரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் வந்துகொண்டே இருக்கும். இலக்கின் கடினமான பகுதியை முதல் வகை நேரத்துக்கும், கேட்டுப் பழகுவதையும் மனப்பாடம் செய்ததை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பதையும் இரண்டாம் வகைக்கும், முன்பு செய்ததைத் திருப்பிப் பார்ப்பதை மூன்றாம் வகைக்கும் ஒதுக்கினால், கிடைக்கும் நேரம் ஒவ்வொன்றும் அதற்கேற்ற வேலையைப் பெறுகிறது.

தூக்கத்திலிருந்து நேரத்தை வெட்டி எடுக்கும் எண்ணம் இந்தக் கட்டத்தில் தோன்றும். வயது வந்தவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2015இல் பரிந்துரைத்திருக்கிறது. குழந்தை வளர்ப்பவர்களில் பலருக்கு அதுவே கிடைப்பதில்லை. ஒரு மணி நேரம் முன்னதாக எழுவதென்றால் ஒரு மணி நேரம் முன்னதாகப் படுக்கவும் முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: வேலையை அறுபட்டாலும் கெடாத துண்டுகளாக நறுக்குதல்

இந்த முறை முழுவதும் தங்கியிருக்கும் இடம் இதுதான் என்பதால் இதில் சற்று நிதானிக்க வேண்டும். “பத்து நிமிடம் படிப்பேன்” என்று நேரத்தை மட்டும் குறைத்துக்கொண்டால் போதாது. பத்து நிமிடத்தில் முடியக்கூடியதாகவும், முடிந்ததா இல்லையா என்று சந்தேகமின்றிச் சொல்லக்கூடியதாகவும், நடுவில் எழுந்து போனாலும் அதுவரை செய்தது வீணாகாததாகவும் உள்ள ஒரு வேலையை வரையறுத்துக்கொள்ள வேண்டும்.

தேர்வுக்குப் படிப்பவர் “மூன்றாம் அத்தியாயம்” என்று எழுதி வைத்தால், பத்து நிமிடம் கழித்து அந்த அத்தியாயத்தின் நடுவில் எங்கோ நின்றுகொண்டிருப்பார். மறுநாள் முதல் பக்கத்திலிருந்து திரும்பப் புரட்டத் தோன்றும். அதற்குப் பதிலாக, “ஒரு கணக்கைப் போட்டு, விடையைச் சரிபார்த்து, தவறியிருந்தால் எந்த வரியில் தவறியது என்று சிவப்பில் குறிப்பது” என்று வைத்துக்கொண்டால், ஒரு கணக்கு முடிந்தாலே அன்றைய வேலை முடிந்தது. கதை எழுதுபவருக்கு, “அவள் கடிதத்தைப் பிரிக்கும் பத்தி” என்பது ஒரு துண்டு; “இரண்டாம் அத்தியாயம்” என்பது துண்டன்று. படம் வரையக் கற்பவர் தன் இடது கையை ஒரே நிலையில் வைத்து ஒரு முறை வரையலாம். இசைக்கருவி பழகுபவர், பாடலை முதலிலிருந்து வாசிப்பதை விட்டுவிட்டு, தடுமாறும் அந்த இரண்டு வரியை மட்டும் மெதுவாக ஐந்து முறை வாசிக்கலாம்.

மனத்தில் பதிய வைக்க வேண்டிய பாடங்களைப் பொறுத்தவரை, துண்டு துண்டாகப் படிப்பது வேறு வழியில்லாமல் செய்யும் சமரசமும் அன்று. ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், பொருளற்ற அசைகளின் வரிசைகளைத் தாமே மனப்பாடம் செய்து நினைவாற்றலை அளந்து, 1885இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஒரே மூச்சில் 68 முறை சொல்லிப் பழகியதால் கிடைத்த பயன், மூன்று நாள்களுக்குப் பிரித்துச் சொன்னபோது 38 முறையிலேயே கிடைத்ததாக அவர் பதிந்திருக்கிறார். இடைவெளி விட்டுப் படிப்பதன் பலனைப் பிற்கால ஆய்வுகள் பலவும் உறுதிசெய்திருக்கின்றன. சொற்களையும் சூத்திரங்களையும் சட்டப் பிரிவுகளையும் படிப்பவருக்கு, வீடு அவரைத் துண்டு நேரத்துக்குத் தள்ளியதில் ஒருவகையில் நன்மையே நடந்திருக்கிறது.

உடற்பயிற்சியிலும் நிலைமை இதேதான். வயது வந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. முன்பு, ஒவ்வொரு தடவையும் குறைந்தது 10 நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் சேரும் என்று சொல்லிவந்த அந்த நிறுவனம், 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. நான்கு நிமிடம் வேகமாகப் படியேறினால் அதுவும் கணக்கில் வரும்.

எல்லாவற்றையும் இப்படி நறுக்கிவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கடினமான ஒரு கருத்தை முதன்முறையாகப் புரிந்துகொள்வதற்கும், நீண்ட வரைவு ஒன்றை முழுவதும் வாசித்து ஒழுங்குபடுத்துவதற்கும், ஒரு மென்பொருளின் அமைப்பை மனத்துக்குள் கட்டிப் பார்ப்பதற்கும் சேர்ந்தாற்போல இரண்டு மணி நேரமாவது தேவைப்படும். அத்தகைய வேலையைப் பதினைந்து நிமிடத் துண்டில் திணித்துத் தோற்றுவிட்டு, நமக்குத் திறமை இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. அவற்றை ஒரு தனிப் பட்டியலில் சேர்த்து வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டாரிடம் கேட்டு வாங்கும் நீண்ட நேரத்துக்கு ஒதுக்குங்கள். அந்த இரண்டு மணி நேரம் வரும்போது என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியிராது.

இறுதியாக, மோசமான நாளுக்கென்று ஒரு சிறு வடிவத்தையும் இப்போதே தீர்மானித்து வையுங்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, உறவினர் வந்திருக்கிறார்கள், அலுவலகத்தில் தாமதமாகிவிட்டது என்ற நாளில் இரண்டு நிமிடத்தில் செய்யக்கூடியதாக அது இருக்க வேண்டும்: நேற்று எழுதிய பத்தியை ஒருமுறை வாசிப்பது, மூன்று சொற்களை நினைவுபடுத்திப் பார்ப்பது, அவ்வளவுதான். அதனால் பெரிய முன்னேற்றம் வராது. ஆனால் விட்ட இடம் எது என்பது மறக்காமல் இருக்கும்.

நான்காம் படி: கடிகாரத்தோடு அல்ல, நிகழ்வோடு கட்டுதல்

“தினமும் இரவு 9 மணிக்கு” என்று திட்டமிட்டவருடைய குழந்தை 9:20க்குத் தூங்கினால், அன்றைய திட்டம் தவறியதாகத் தோன்றும். “குழந்தை தூங்கி, நான் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்ததும்” என்று திட்டமிட்டவருக்கு எத்தனை மணியானாலும் திட்டம் தவறுவதில்லை. இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே ஒரு வாக்கியமாக எழுதிக்கொள்வதன் வலிமையைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் நீண்டகாலம் ஆராய்ந்திருக்கிறார். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல், இதைப் பற்றிய 94 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, செய்ய வேண்டும் என்ற எண்ணம் மட்டும் இருந்தவர்களைவிட இவ்வாறு வாக்கியமாக வகுத்துக்கொண்டவர்கள் இலக்கை எட்டுவது தெளிவாகக் கூடியிருந்தது.

எனவே இரண்டு வாக்கியங்களை எழுதுங்கள். முதலாவது வழக்கமான நாளுக்கு: “காலையில் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியதும், வேறு எதையும் தொடாமல், ஒரு கணக்குப் போடுவேன்.” இரண்டாவது, அது தவறினால்: “காலையில் முடியாமல் போனால், இரவு படுக்கையை விரித்ததும் மூன்று சூத்திரங்களைச் சொல்லிப் பார்ப்பேன்.” மூன்றாவது வாக்கியம் எழுதத் தோன்றினால் எழுத வேண்டாம், வாய்ப்புகள் கூடக்கூட, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் கூடும்.

இந்தப் பழக்கம் எத்தனை நாளில் இயல்பாகும் என்ற கேள்விக்கு, 21 நாள் என்ற பதில் பரவலாகப் புழங்குகிறது. அதை நம்பித் தொடங்குபவர் 22ஆம் நாளில் ஏமாந்துபோவார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலையை எட்டப் பொதுவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள் போதுமானதாக இருந்தது. மற்றொரு கோடியில், 254 நாள் ஆகும் என்று கணிக்கப்பட்டது. நம்மைப் போன்றவர்களுக்கு அந்த ஆய்வில் இன்னும் முக்கியமான செய்தி, இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை என்பதாகும்.

ஐந்தாம் படி: பொருள்களை ஒரு பெட்டிக்குள் வைத்தல்

குடும்ப வீட்டில் மேசை உங்களுடையது அன்று. காலையில் அதில் சாப்பாடு இருக்கும், மாலையில் வீட்டுப்பாடம் இருக்கும், இரவில் யாருடைய பையோ இருக்கும். ஆகவே மேசையைப் பிடித்து வைக்கும் போராட்டத்தை விட்டுவிட்டு, மூடியுள்ள பெட்டியிலோ துணிப்பையிலோ தேவையான அத்தனையையும் வைத்துவிடுங்கள்: நோட்டுப் புத்தகம், பாடநூல், இரண்டு பேனா, அழிப்பான், காதொலிப்பான். பாடநூலில் அடுத்துச் செய்ய வேண்டிய பக்கத்தில் ஒரு தாள் செருகி இருக்கட்டும். பெட்டியைத் திறந்து அரை நிமிடத்துக்குள் பேனா தாளைத் தொட வேண்டும் என்பதே அளவுகோல். பெட்டியிலுள்ள பேனாவை எவரும் எடுக்கக் கூடாது என்ற ஒரே விதியை மட்டும் வீட்டில் கண்டிப்பாக அறிவித்துவிடலாம். பொது இடத்தில் வைத்த நல்ல பேனா இரண்டு நாளுக்கு மேல் தங்கிய வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

செல்பேசியிலேயே படிப்பவர்கள், அந்தப் பாடத்தைத் தவிர மற்ற அறிவிப்புகளை அந்த நேரத்துக்கு நிறுத்தி வைப்பது அவசியம்.

ஆறாம் படி: எழுந்து போகும் முறையைப் பழகுதல்

தொடங்குவது எப்படி என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நிறுத்துவது எப்படி என்று யாரும் சொல்வதில்லை. நடுவில் குழந்தை அழுகிறது, அழைப்பு மணி அடிக்கிறது, அடுப்பில் ஏதோ பொங்குகிறது. நாம் அப்படியே போட்டுவிட்டு எழுந்து ஓடுகிறோம். அரைகுறையாக விட்ட வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதைச் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் காட்டினார். குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டே மனம் கணக்கில் கிடப்பதும், குழந்தை எதையோ இரண்டாம் முறை கேட்ட பிறகே காதில் விழுவதும் இதனால்தான். இப்படி இருந்தால் குடும்பத்துக்கும் முழுதாகக் கிடைப்பதில்லை, இலக்குக்கும் முழுதாகக் கிடைப்பதில்லை.

இதற்கு ஒரு மருந்து உண்டு. முடிக்காத வேலையை எப்போது, எப்படித் தொடர்வது என்று தெளிவாகக் குறித்துவிட்டால், அது மனத்துக்குள் வந்து தொந்தரவு செய்வது குறைகிறது என்று மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு தெரிவிக்கிறது. நடைமுறையில் இது ஒரே ஒரு வரிதான். எழுந்திருக்கும் முன், பேனா கையில் இருக்கும்போதே, அடுத்த செயல் எது என்பதை ஏவல் வாக்கியமாக எழுதிவிட வேண்டும்.

ஒருவருடைய நோட்டுப் புத்தகத்தில் அந்த வரி இப்படி இருக்கலாம்: “பக்கம் 84, கணக்கு 6. மொத்த வட்டி வந்துவிட்டது. அடுத்து அதை மாத வாரியாகப் பிரி. விடைப் பகுதியைப் பார்க்காதே.” கதை எழுதுபவருடையது இப்படி இருக்கலாம்: “கடிதத்தைப் பிரித்துவிட்டாள். முதல் வரியை வாசிக்கும்போது யார் உள்ளே வருகிறார் என்று எழுது. அண்ணன் வேண்டாம்.” இவற்றில் எங்கே விட்டோம் என்பது இருக்கிறது, அடுத்த அசைவு இருக்கிறது, மறந்துபோனால் மீண்டும் விழக்கூடிய ஒரு குழியைப் பற்றிய எச்சரிக்கையும் இருக்கிறது. “நாளைக்குத் தொடர வேண்டும்” என்று எழுதுவதால் எந்தப் பயனும் இல்லை.

பத்து வினாடிகூடக் கிடைக்காத அவசரத்தில், வரியை எழுத வேண்டாம். பேனாவை மூடாமல் விட்ட வரியின் மேலேயே வைத்துவிட்டுப் போங்கள், அல்லது ஒரு சொல்லைப் பாதியில் நிறுத்துங்கள். பிறகு அரை நிமிடம் கிடைக்கும்போது வந்து அந்த வரியை எழுதிவிட்டுப் பெட்டியை மூடினால் போதும். மூடுவதையும் வேலையின் ஒரு பகுதியாகவே எண்ணி, 15 நிமிடத்தில் கடைசி இரண்டு நிமிடத்தை அதற்கென்றே விட்டுவைப்பது நல்லது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறதே, இன்னும் கொஞ்சம் செய்துவிடலாமே என்று தோன்றும் நாளில்தான் இது கடினமாக இருக்கும். அந்த நாளிலும் நிறுத்தப் பழகியவருக்கு மறுநாள் தொடங்குவது எளிதாக இருக்கிறது.

ஏழாம் படி: வீட்டாரிடம் குறிப்பாகக் கேட்டல்

“எனக்கு யாரும் ஒத்துழைப்பதில்லை” என்று மனத்துக்குள் குமைபவர்கள், பெரும்பாலும், எது வேண்டும் என்பதை ஒருபோதும் தெளிவாகக் கேட்டிருக்க மாட்டார்கள். ஒத்துழைப்பு என்ற பொதுச் சொல்லை யாராலும் நிறைவேற்ற முடியாது. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, அந்த நேரத்தில் எந்த வேலை யாருடையது, முடியாத நாளில் என்ன செய்வது என்பவற்றைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் அந்தப் பேச்சு இப்படி நடக்கலாம்:

“ஏங்க, பாப்பா தூங்கினதுக்கு அப்புறம் ஒரு கால் மணி நேரம் நான் கணக்குப் போடணும். அந்த நேரத்துல அவ எழுந்தா நீங்க போய்ப் பாருங்க. யாராவது கதவைத் தட்டினாலும் நீங்களே திறங்க.”

“சரி. ஆபீஸ்லேருந்து போன் வந்தா?”

“அந்த மாதிரி நாள்னா முன்னாடியே சொல்லிடுங்க, நான் காலையில வச்சுக்கிறேன். ஞாயித்துக்கிழமை நீங்க வாசிக்க உக்காரும்போது நான் யாரையும் உள்ள விட மாட்டேன்.”

கடைசி வாக்கியம் மரியாதைக்காகச் சேர்த்தது அன்று. கேட்டு வாங்கும் நேரத்துக்கு ஈடாக அதே அளவு நேரத்தை மற்றவருக்கும் திருப்பிக் கொடுத்தால்தான் ஏற்பாடு நீடிக்கும். பல வீடுகளில் ஆணின் 15 நிமிடம் தானாகவே அவருடையதாகக் கருதப்படுகிறது; பெண்ணின் 15 நிமிடமோ, வேறு வேலை வரும்வரைதான் அவளுடையது. இந்த ஏற்றத்தாழ்வைப் பெட்டியாலும் நோட்டுப் புத்தகத்தாலும் சரிசெய்ய முடியாது. வேலைகளைப் பட்டியலிட்டுப் பங்கு பிரிப்பதைப் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும். அது இந்த வழிகாட்டியைவிடப் பெரிய பேச்சு என்றாலும், அதைத் தள்ளிப்போட்டுவிட்டு மற்றப் படிகளை மட்டும் செய்பவர் தன் ஓய்வைத்தான் இழப்பார்.

சிறு பிள்ளைகளுக்குப் பதினைந்து நிமிடம் என்றால் எவ்வளவு என்று தெரியாது. கடிகாரத்தின் பெரிய முள் எந்த எண்ணுக்கு வரும்வரை என்று காட்டலாம், அல்லது மணற்கடிகாரத்தைக் கவிழ்த்து வைக்கலாம். நேரம் முடிந்ததும் சொன்னபடி எழுந்து அவர்களிடம் போக வேண்டும். இரண்டு மூன்று முறை வாக்குத் தவறினால், அடுத்த முறை மணற்கடிகாரத்தை அவர்கள் நம்ப மாட்டார்கள். எதற்கெல்லாம் உங்களைக் கூப்பிடலாம் என்பதையும் (அடிபட்டால், யாராவது அழுதால், அடுப்பில் கருகும் வாசனை வந்தால்) முன்பே சொல்லிவிட்டால், மற்றவற்றுக்குக் கூப்பிடுவது மெல்லக் குறையும். முற்றிலும் நிற்காது, நிற்கும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

எட்டாம் படி: குறித்து வைத்தலும் வாரம் ஒருமுறை பார்த்தலும்

அன்றைய துண்டை முடித்ததும் நாள்காட்டியில் ஒரு கோடு போடுங்கள். எத்தனை நிமிடம் என்று எழுத வேண்டாம். இரண்டு நிமிட வடிவத்தைச் செய்த நாளுக்கும் அதே கோடுதான். வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிடம் அந்தக் கோடுகளைப் பாருங்கள். அப்போது கேட்க வேண்டியது, ஏன் இவ்வளவு குறைவு என்பதன்று. தவறிய நாள்களுக்குள் ஏதாவது ஒற்றுமை இருக்கிறதா என்பது. வியாழக்கிழமைகளில் மட்டும் தவறியிருந்தால் வியாழனுக்கு வேறு நிகழ்வைத் தேட வேண்டும். எல்லா நாளும் பாதியில் நின்றிருந்தால் துண்டு இன்னும் பெரிதாக இருக்கிறது என்று பொருள். அதைப் பாதியாக நறுக்குங்கள். ஒரு நாளும் தவறாமல், ஆனால் மூன்று மாத இலக்கை நோக்கி எதுவும் நகரவில்லை என்றால், எளிதான துண்டுகளையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

வீட்டில் நோய், இடமாற்றம், பிள்ளைகளின் தேர்வு என்று மூன்று வாரம் முழுதாகப் போய்விடுவதும் உண்டு. திரும்பி வரும்போது, விட்டதை எல்லாம் சேர்த்துப் பிடிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாம் நாளிலேயே நின்றுவிடுகிறார்கள். முதல் நாள் பெட்டியைத் திறந்து, கடைசியாக எழுதிய வரியை மட்டும் வாசித்துவிட்டு மூடுங்கள். இரண்டாம் நாள் இரண்டு நிமிட வடிவம். மூன்றாம் நாளிலிருந்து வழக்கமான துண்டு. விடுபட்ட வாரங்களைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டு, மூன்று மாதக் கெடுவை அதே அளவுக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

மூன்று மாதம் முடிந்ததும், மடித்து வைத்த அந்தப் பழைய தாளை எடுத்துப் பாருங்கள். அதே இலக்கைத் தொடரலாம், வேறொன்றுக்கு மாறலாம், முதலாவதை மனநிறைவோடு கைவிடவும் செய்யலாம். செய்துபார்த்த பிறகு வேண்டாம் என்று முடிவெடுப்பது, செய்யாமல் ஏங்கிக்கொண்டிருப்பதைவிட எவ்வளவோ மேல். எதைத் தேர்ந்தாலும், குழந்தையின் தூக்க நேரமோ பள்ளி நேரமோ அலுவலக நேரமோ மாறியிருந்தால் இரண்டாம் படியிலிருந்து தொடங்குங்கள். மூன்று மாதத்துக்கு முன்பு கவனித்த அந்த ஒரு வாரம் இப்போதைய வீட்டுக்குப் பொருந்தாது.